பனி பார்க்க லெசோத்தோ போகிறீர்களா?

டர்பனின் சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பக்கத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கு அண்டர்பர்க் ஊர் வழியாகச் சானி மலைக் கணவாய்தான் நேர் வழி. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி இல்லையென்றால் தென்னாப்பிரிக்க எல்லைச் சாவடியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பாஸ்போர்ட்டும் கட்டாயம்.

கணவாயின் உச்சி 2,876 மீட்டர். ஜூன் முதல் ஆகஸ்ட் வரையான குளிர்காலத்தில் வெயில் படாத வளைவுகளில் பனி கண்ணாடிபோல உறைந்து கிடக்கும்; அங்கே பிரேக் மிதித்தால் வண்டி வழுக்கும். இறங்கும்போது லோ ரேஞ்சில் (மெதுவாக, அதிக இழுவையோடு ஓட்டும் கியர் நிலை) முதல் கியர் போதும். கடற்கரையில் நிரப்பிய டீசல் அந்தக் குளிரில் மெழுகாகி ஃபில்டரை அடைத்துவிடலாம். கோடையிலோ பிற்பகல் இடிமழை, ஆகவே காலையிலேயே ஏறுவது நல்லது.

நாலாபுறமும் தென்னாப்பிரிக்கா சூழ்ந்த லெசோத்தோ நாட்டின் மிகத் தாழ்ந்த இடமே சுமார் 1,400 மீட்டர் உயரம். அங்குள்ள பசோத்தோ மக்கள் கம்பளியைத் தோளில் போர்த்தி ஊக்கு குத்தியிருப்பது அழகுக்காக மட்டுமல்ல, குளிருக்காகவும்தான். மலைக் கிராமங்களுக்கு இன்றும் குதிரைதான் சரியான வாகனம் (நம் பக்கி எனும் பிக்கப் வண்டியைவிட நம்பகம்!).

தென்னாப்பிரிக்க ராண்ட் அங்கே செல்லும், லெசோத்தோ பணமான லோட்டிக்கும் அதே மதிப்புதான். ஆனால் மீதியாகக் கிடைக்கும் லோட்டி நோட்டை டர்பன் கடைக்காரர் வாங்கமாட்டார், அங்கேயே செலவழித்துவிடுங்கள்.