கார்மேக்ஸில் ஒரு நாள்

ஜூலை 18
கனடாவின் யூகான் ஆற்றில் அண்ணனும் நானும் துடுப்புப் படகில் போய்க்கொண்டிருக்கிறோம். லிட்டில் சால்மன் ஆறு யூகானில் வந்து சேரும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே, சரளைத் திட்டில் கூடாரம். இரவு பதினொன்றுக்கும் வெளிச்சம் போகவில்லை. அண்ணன் சாப்பாட்டுப் பீப்பாயைக் கவிழ்த்து எண்ணினார்: நூடுல்ஸ் 3, ஒரு குவளை பருப்பு, கொஞ்சம் ஓட்ஸ், டீத்தூள். லபார்ஜ் ஏரியில் காற்று கிளம்பி அலை படகுக்குள் ஏறியதே, அன்றைக்குப் போனது அரிசி. பீப்பாய்க்குள் வைக்காமல் காலடியில் வைத்தது என் தவறுதான். புளித்த வாடை வந்ததும் கரடிக்குப் பயந்து முழுவதையும் எரித்துவிட்டோம். ஏழு கிலோ. இன்னும் மனசு ஆறவில்லை.

ஜூலை 19
மாலையில் கார்மேக்ஸ் பாலம் தெரிந்தது. கிளம்பிய வைட்ஹார்ஸிலிருந்து சுமார் 320 கிலோமீட்டர் வந்திருக்கிறோம், ஒரு வாரத்துக்குப் பிறகு லாரிச் சத்தம். வலது கரையில் படகைக் கட்டிவிட்டு, பாலத்தைக் கடந்து ஊருக்குள் நடந்தோம். இது வடக்கு டட்சோனி என்ற பூர்வகுடி மக்களின் ஊர், க்ளோண்டைக் தங்கம் 1896-இல் கிடைத்தபோது அதில் சம்பந்தப்பட்ட ஜார்ஜ் கார்மேக்கின் பெயர் இதற்கு வந்துவிட்டது.

கடையில் முதலில் வாங்கியது ஆப்பிள். வாசலிலேயே நின்று ஆளுக்கு இரண்டு தின்றோம். வேறெதுவும் அவ்வளவு இனிக்காது.

ஜூலை 20
இன்று துடுப்பு தொடவில்லை. குளியல், துணி, அப்புறம் நாள் முழுக்கக் கணக்கு. இங்கிருந்து நாங்கள் போகும் டாசன் ஊர் ஏறக்குறைய 400 கிலோமீட்டர், நடுவில் கடை கிடையாது. வழியிலுள்ள ஃபோர்ட் செல்கிர்க்கில் பழைய மரவீடுகள் உண்டு, சாலையே கிடையாது. பத்து நாளுக்கு என்று வைத்து அரிசி, உருளைக்கிழங்கு, வெங்காயம், சீஸ், ஒரு டஜன் முட்டை, அடுப்புக்கு எரிபொருள். தண்ணீர்க் கேன் ஒன்றும் வாங்கியே தீரவேண்டும் என்றேன், ஏனென்றால் ஒயிட் ஆறு வந்து கலந்த பிறகு தண்ணீர் முழுக்க வண்டல், வடிகட்டி அடைத்துக்கொள்ளும், பக்கத்து ஓடைகளில் பிடித்து வைத்துக்கொள்வதுதான் வழி. "பாரம் கூடுதுடா, நாளைக்கு ஃபைவ் ஃபிங்கர் வேகநீர் இருக்கு" என்றார் அண்ணன். சரி, இரண்டாவது மூட்டை உருளைக்கிழங்கைக் குறைத்தோம். கேன் இருக்கிறது, நாளைக்குக் காலியாகவே வரும்.

ஜூலை 21
ஃபைவ் ஃபிங்கரில் நான்கு பாறைத் தீவுகள் ஆற்றை ஐந்தாகப் பிரிக்கின்றன, போகவேண்டியது வலது ஓரத்து வழி. பழைய நீராவிக் கப்பல்கள் எதிர்நீரோட்டத்தில் இதைத் தாண்ட இரும்புக் கம்பிவடத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறியிருக்கின்றன. முன்கூட்டியே வலப்பக்கம் ஒதுங்கிவிட்டோம். கனமானதெல்லாம் நடுவில், அடியில், கட்டிப்போட்டு. மூன்று நான்கு பெரிய அலை, மடியெல்லாம் ஈரம், முழுதாக ஒரு நிமிடம்கூட இருக்காது. அடுத்து வந்த ரிங்க் வேகநீரிலும் வலது கரையை ஒட்டியே வந்தோம்.

கரை ஏறியதும் பீப்பாயைத் திறந்து பார்த்தேன். அரிசி காய்ந்திருக்கிறது. முட்டையில் ஒன்று மட்டும் விரிசல், அதை அண்ணன் இப்போது வெங்காயத்தோடு வதக்குகிறார்.