டெர்மினல் வகை: கடைசியில் எக்ஸ்டெர்ம்-256கலரில் நின்றுவிட்டேன்

குலசேகரத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்து ஷெட்டில் மழை அளக்க ராஸ்பெரி பை என்ற ஒரு குட்டிக் கணினி ஓடுகிறது. இரண்டு பருவமழையும் கிடைக்கிற மாவட்டம், அதற்கு வேலைக்குக் குறைவில்லை. மழைக் கணக்கை அப்புறம் எழுதுகிறேன். இப்போது எழுதுவது, நாகர்கோவில் வீட்டிலிருந்து எஸ்எஸ்ஹெச் (தூரத்துக் கணினிக்குள் நெட் வழியாக நுழையும் வழி) மூலம் அதற்குள் போனால் வந்த நிறப் பிரச்சினை.

லேப்டாப்பில் கட்டளை தட்டும் ஜன்னலாக, அதாவது டெர்மினலாக, இருப்பது கிட்டி. டெர்மினல் என்ன வகை என்று நிரல்களுக்குச் சொல்லும் டெர்ம் மாறியில் அது எக்ஸ்டெர்ம்-கிட்டி என்று தன் பெயரைப் போட்டுவைக்கும். எஸ்எஸ்ஹெச் அந்தப் பெயரை மட்டும்தான் அந்தப் பக்கம் கொண்டுபோகும். எந்த நிறத்துக்கு என்ன குறி, எந்த விசைக்கு என்ன குறி என்ற விவரமெல்லாம் அங்கே இருக்கிற டெர்மின்ஃபோ என்ற டெர்மினல் விவரத் தொகுப்பில் இருக்க வேண்டும். என் ராஸ்பெரி பையில் அது இல்லை. கோப்பு திருத்தும் நானோ, கணினியின் வேலையைக் காட்டும் ஹெச்டாப் எதுவுமே திறக்கவில்லை.

விவரத்தை எழுதிக் காட்டும் இன்ஃபோகம்ப் கட்டளையின் வெளியீட்டை, அதைப் பதிந்துகொள்ளும் அந்தப் பக்கத்து டிக் கட்டளைக்கு அனுப்பி விவரத்தை ஏற்றிவிடலாம், ஏற்றினேன், வேலை செய்தது. ஆனால் எஸ்டி கார்டை மாற்றும்போதெல்லாம் இதையே யார் செய்துகொண்டிருப்பது? கிட்டியின் அமைப்பிலேயே, 256 நிறம் உள்ள பொதுவான பெயரான எக்ஸ்டெர்ம்-256கலர் என்று மாற்றிவிட்டேன். வெறும் எக்ஸ்டெர்ம் போட்டால் இன்னும் பாதுகாப்புதான், ஆனால் அதில் 8 நிறம் மட்டும், நான் கோப்பு திருத்தும் விம்மின் நிற அமைப்பு வெளிறிப்போகிறது. விடி100 என்று போட்டாலோ, அது டெக் நிறுவனம் 1978ல் விட்ட டெர்மினல், அதில் நிறமே கிடையாது.

டெர்ம் மாறியை, ஷெல் திறக்கும்போதெல்லாம் ஓடுகிற பேஷ்ஆர்சி கோப்பில் எழுதிவிடு என்று நிறையப் பேர் சொல்வார்கள். எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை. ஒரே டெர்மினலில் பல அமர்வுகளை ஓட்டும் டீமக்ஸ் தனக்கென்று ஒரு பெயர் வைத்திருக்கும், பேஷ்ஆர்சி அதை மிதித்துவிடும். டீமக்ஸில் நான் வைத்திருப்பது டீமக்ஸ்-256கலர். அதே வகைப் பழைய நிரலான ஸ்க்ரீனின் பெயரை, ஸ்க்ரீன்-256கலர் என்று, வைத்திருந்த காலத்தில் விம்மில் சாய்வெழுத்து எல்லாம் பின்னணி மாறித் தலைகீழாகத் தெரிந்தது, ஏனென்றால் மற்ற டெர்மினல்களில் சாய்வெழுத்துக்கு உள்ள குறியை ஸ்க்ரீன் அழுத்திக் காட்டுவதற்கு எடுத்துக்கொள்கிறது. டீமக்ஸ் பதிவு, டெர்மின்ஃபோ விவரங்களோடு வரும் என்கர்சஸ் மென்பொருளின் 6.0 பதிப்பு வந்த 2015க்குப் பிறகுதான் பரவியது, அதனால் ரொம்பப் பழைய கணினி என்றால் ஸ்க்ரீனே கதி.

ஐப்பசியில் இடி வெட்டி நெட் போய்விட்டால் ஷெட்டுக்கே போய் யூஎஸ்பி சீரியல் கேபிள் செருகி, 115200 வேகத்தில் பிகோகாம் என்ற சீரியல் நிரல் வழியாகத்தான் நுழைய வேண்டும். அங்கே டெர்ம் விடி220 என்ற பழைய டெர்மினல் பெயராகத்தான் வரும்; எத்தனை நிறம் என்று டிபுட் கலர்ஸ் கட்டளையில் கேட்டால் -1, அதாவது நிறமே இல்லை, என்கிறது. கூட வந்த அக்கா மகன், "என்ன மாமா, கலரே இல்லாம கிடக்கு?" என்றான். பிகோகாம் ஓடுவது என் லேப்டாப் டெர்மினலுக்குள்தானே, அதனால் அந்த ஒரு அமர்வுக்கு மட்டும் எக்ஸ்டெர்ம்-256கலர் என்று கையால் கொடுத்தேன், நிறம் வந்துவிட்டது. சீரியலில் ஜன்னல் அளவும் அந்தப் பக்கம் போகாது. எஸ்டிடிஒய் கட்டளையில் வரிசை, நிரல் எண்ணிக்கையைச் சொல்லாவிட்டால் விம் பாதித் திரையில் நின்றுவிடும்.

ஒரு கோடியே 67 லட்சம் நிறமும் வேண்டுமென்றால் எக்ஸ்டெர்ம்-256கலர் என்ற பெயர் போதாது. அதற்குத் தனியாகக் கலர்டெர்ம் என்ற மாறியில் ட்ரூகலர் என்று இருக்க வேண்டும், எஸ்எஸ்ஹெச் அதைத் தானாகத் தூக்கிப் போகாது. எஸ்எஸ்ஹெச் அமைப்பில் இந்தப் பக்கம் மாறியை அனுப்பும் சென்ட்என்வ், அந்தப் பக்கம் அதை ஏற்கும் அக்செப்ட்என்வ் இரண்டிலும் சேர்த்தேன். மழை வரைபடத்தின் நீலம் இப்போது பட்டை பட்டையாக இல்லாமல் சீராக வருகிறது.