புள்ளி வைத்தும் கிழியாத முதல் ஏடு

பனையோலையில் புள்ளி வைத்தால் கிழிந்துவிடும், அதனால்தான் பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை என்று பள்ளி நாளிலிருந்தே கேட்டு வந்த எனக்கு, நேற்று மாலை 11 மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி வைத்தும் ஓர் ஏடு முழுதாக நின்றதில் தலைகால் புரியவில்லை. இதற்கு முன் மூன்று ஏடுகள் வீணாயின.

ஓலையைப் பதப்படுத்தும் முறை அனைவரும் அறிந்ததே. என்னைப் பாடாய்ப்படுத்தியது எழுத்தாணியின் முனை. கூரிய முனையை நேராக ஊன்றினால் மறுபக்கம் துளை விழுகிறது. ஓலையின் நார் நீளவாக்கில் ஓடுவதால், அத்துளையிலிருந்து மயிரிழை போன்ற பிளவு அடுத்த எழுத்து வரை சென்றுவிடுகிறது. அஞ்சி மெல்லத் தொட்டாலோ, விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துத் தேய்த்துத் துடைத்த பின் புள்ளி இருந்த இடமே தெரிவதில்லை. முனையை உப்புத்தாளில் தேய்த்துச் சற்று மழுக்கி, இடக்கைப் பெருவிரல் நகத்தில் தாங்கி, குத்தாமல் சிறு வட்டமாகச் சுழற்றியபோதுதான் கரி பிடித்தது. ஆனால் ஒரு புள்ளிக்கு ஆகும் நேரத்தில் இரண்டு எழுத்துகள் எழுதிவிடலாம்.

இருப்பினும் பழி முழுவதையும் ஓலையின் மேல் போடுவதை இனி ஏற்க மாட்டேன். போர்ச்சுகீசியப் பாதிரியார் அண்டிரிக் அடிகளார் 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட 16 பக்கக் கிறித்தவ நூலான தம்பிரான் வணக்கத்திலும் மெய்க்குப் புள்ளி இல்லை. ஈய எழுத்துக்கு ஏது கிழியும் அச்சம்? ஏட்டைப் படித்தவர், ஆசிரியர் வாய்மொழியாகப் பாடம் கேட்டு நெஞ்சில் வைத்திருந்தவர் என்பதால் புள்ளியின்றியே அவர் நா தடுமாறவில்லை. அச்சிட்ட தாளோ முகமறியாத ஒருவர் கைக்குப் போகிறது. எகர ஒகரங்களில் புள்ளி பெற்றது குறில் என்பது தொல்காப்பிய மரபு. புள்ளி விடுபட்டதும் குறிலும் நெடிலும் ஒன்றாகத் தெரிந்தன. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் ஏகாரத்துக்குக் கோடும் ஓகாரத்துக்குச் சுழியும் சேர்த்தார். எழுதிப் பார்த்தால் அதன் அருமை கைக்குத் தெரிகிறது: கீறிய கோட்டைச் சற்று நீட்டினால் போதும், எழுத்தாணியைத் தூக்கிக் குத்த வேண்டியதில்லை.

இம்முறை ஓலை உடன்குடிப் பக்கமிருந்து தெரிந்தவர் வழியாக வந்தது. முன்பு இணையத்தில் வாங்கிய ஓலைக்கட்டில் பாதிக்குப் பூஞ்சை பிடித்திருந்தது. கொடுத்த பணமும் திரும்பவில்லை. இந்த ஏட்டுக்கு இன்னும் துளையிட்டுக் கயிறு கோக்கவில்லை. அதற்குள் இதைவிட அகலமும் மென்மையும் உள்ள தாளிப்பனை ஓலைக்குச் சொல்லி வைத்துவிட்டேன்.