வீச்சு வலைக்கு ஈயமணி வார்த்த நான்கு ஞாயிறுகள்

சித்தப்பாவின் வீச்சு வலை பரணில் எட்டு வருடம் கிடந்தது. போன வைகாசியில் கண்மாய் வற்றி, ஊரே மீன் பிடிக்க ஊத்தாவும் கச்சாவுமாக இறங்கிய அன்று அதை எடுத்துப் போனேன். நூலில் குறையில்லை, ஆனால் வலை விரியவில்லை. வீசினால் ஒரு பக்கம் முன்னால் ஓடுகிறது, மறுபக்கம் கயிறாகச் சுருண்டு விழுகிறது. கரையில் நின்று பார்த்த சித்தப்பா சொன்னார்: "நூலக் குத்தம் சொல்லாத அப்பு. மணிய நிறுத்துப் பாரு."

நிறுத்தேன். வலை மூழ்குவதற்காக அடிக்கயிற்றில் கோத்திருக்கும் ஈய உருளைகள்தான் மணி. அவற்றில் பாதி பழைய வார்ப்பு, மீதி பலமுறை பல கடைகளில் வாங்கிக் கோத்தவை. ஒன்று 17 கிராம், அடுத்தது 29. வலை சுழன்று பறக்கும்போது கனமான பக்கம் லேசான பக்கத்தை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. அன்றுதான் முடிவு செய்தேன், எல்லா மணியையும் நானே ஒரே எடையில் வார்ப்பது என்று. வலையின் சுற்று 56 அடி. நான்கு அங்குலத்துக்கு ஒன்று என்றால் 168 மணி.

அச்சுக்குக் காரைக்குடியில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். இரண்டு அலுமினியக் கட்டைகளைச் சேர்த்துப் பிடித்து, நடுவே 10 மில்லிமீட்டர் விட்டத்தில் 30 மில்லிமீட்டர் நீளத்துக்குக் குடைந்து தந்தார் அண்ணன். கயிறு போகும் துளைக்குக் கரு வேண்டும். 3.15 மில்லிமீட்டர் வெல்டிங் ராடின் மேல்பூச்சைத் தட்டி எடுத்துவிட்டு உள்கம்பியைச் செருகினேன். அளவு கச்சிதமாக இருந்தது. கணக்குப்படி மணி 24 கிராம் வர வேண்டும்.

ஈயம் தேடியபோது ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டியிருந்தது. "முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய ஈயச் சொம்பு கிடைக்குமே, அதை உருக்கு" என்றார் ஒரு நண்பர். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். அது 232 டிகிரியில் உருகும், விலையும் அதிகம், நம் வீட்டு ஆச்சிகள் புழங்கிய பாத்திரத்தை அடுப்பில் உருக்க எனக்கு மனமும் வராது. வலைக்கு வேண்டியது காரீயம். 327 டிகிரியில் உருகும், உடம்புக்கு விஷம். இரண்டையும் ஒரே பெயரில் 'ஈயம்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். பழைய கடையில் யாராவது கரிய, கனமான சொம்பைக் காட்டினால் சமையலுக்கு வாங்கிவிடாதீர்கள்.

சக்கரம் ஆடாமல் ஓட அதன் விளிம்பில் மாட்டும் எடைகள், டயர் கடையில் கழற்றிப் போட்டவை, 6 கிலோ கிடைத்தன. அவற்றில் ஈயத்தோடு ஆன்டிமனி என்ற உலோகமும் கொஞ்சம் சேர்ந்திருப்பதால் சுத்த ஈயத்தைவிடக் கெட்டி. ஆனால் இப்போது வரும் எடைகளில் துத்தநாகமும் இரும்பும் நிறைய. கட்டிங் பிளேயரால் கடித்துப் பார்த்தேன். ஈயத்தில் பல் இறங்கும், துத்தநாகத்தில் வழுக்கும். தப்பி வந்தது சட்டியில் மிதக்கும், ஏனென்றால் துத்தநாகம் ஈயத்தைவிட லேசு, உருக 419 டிகிரியும் வேண்டும். அதற்குள் அள்ளிவிட வேண்டும். கலந்துவிட்டால் உருகிய ஈயம் கூழ் மாதிரி ஆகி அச்சில் சரியாக இறங்காது.

முதல் ஞாயிறு தோட்டத்தில், காற்று முதுகுப்பக்கமிருந்து வரும்படி அடுப்பை வைத்தேன். கண்ணாடி, முழுக்கை சட்டை, தோல் கையுறை, ஷூ எல்லாம் உண்டு. இரும்பு வாணலி இனி இதற்கு மட்டும்தான். உருகியதும் மெழுகுவத்தித் துண்டு ஒன்றைப் போட்டுக் கிளறினேன். புகைந்து எரிந்தது, அழுக்கு கருந்தூளாக மேலே வந்தது. அந்தத் தூளை மூச்சில் இழுத்துவிடக் கூடாது. மூடி போட்ட டப்பாவில் தனியே சேர்த்து வைத்திருக்கிறேன்.

வார்த்த 30 மணியில் 19 சுருக்கம் விழுந்தவை. தோல் திரைந்த மாதிரி மேற்பரப்பு, ஓரம் மழுங்கல், எடை 21.8 முதல் 24.1 வரை. ஈயம் போதிய சூடில்லை என்று நினைத்து அடுப்பைக் கூட்டினேன். மேலே ஏடு சீக்கிரம் படிந்ததுதான் மிச்சம். அகச்சிவப்பு வெப்பமானியும் ஏமாற்றியது. பளபளக்கும் உருகிய ஈயத்தின் மேல் காட்டினால் அது மிகக் குறைவாகக் காட்டும். கம்பி முனையை உள்ளே விடும் தெர்மோகப்பிள் மீட்டர் வாங்கிய பிறகுதான் நான் 450 டிகிரி வரை ஏற்றியிருந்தது தெரிந்தது.

இரண்டாம் ஞாயிறு விபத்து. பழைய மணிகளையும் உருக்கிச் சேர்க்கலாம் என்று கைநிறைய எடுத்துச் சட்டியில் போட்டேன். கண்மாய்ச் சேறு அடைத்த துளைக்குள் ஈரம் இருந்திருக்கிறது. நீர் நீராவியானால் 1,600 மடங்குக்கும் மேல் விரியும், ஈயத்துக்கு அடியில் அது நடந்தால் வெடிதான். டப்பென்று சத்தம், வேட்டித் துணி அளவு இடத்துக்கு ஈயம் தெறித்தது. சட்டைக் கையைத் தாண்டி மணிக்கட்டில் ஒரு புள்ளி சுட்டது, கண்ணாடியில் இரண்டு துளி ஒட்டியிருந்தது. அந்தக் கண்ணாடியைக் கழுவாமல் வைத்திருக்கிறேன். இப்போது எந்தத் துண்டும் முதல்நாள் முழுக்க வெயிலில் காய்ந்து, காலிச் சட்டியில் வைத்துச் சூடேறிய பிறகே உருகும். உருகிய ஈயத்தில் புதிதாக எதையும் போடுவதில்லை.

மூன்றாம் ஞாயிறுதான் விஷயம் பிடிபட்டது. குளிர்ந்திருந்தது ஈயம் அல்ல, அச்சு. அச்சின் ஒரு மூலையை உருகிய ஈயத்தில் முக்கிப் பிடித்தால் முதலில் ஈயம் அதில் ஒட்டி உறையும். ஒட்டாமல் வழுக்கி இறங்கும் வரை பிடிக்க வேண்டும், அப்போது அச்சு தயார். உட்புறத்தில் அகல் விளக்குப் புகையை மெல்லிசாகப் படிய விட்டேன். சால்டர் கம்பியும் கிலோவுக்கு 20 கிராம் சேர்த்தேன். அதில் பாதிக்கு மேல் வெள்ளீயம், அது கலந்தால் உருகிய ஈயம் இடுக்கெல்லாம் ஓடி நிறையும். 370 டிகிரியில் நிறுத்தி, ஊற்றுவாயில் ஒரு சிறு குளம் நிற்கும்படி ஊற்றினேன். ஈயம் உறையும்போது சுருங்கி அந்தக் குளத்திலிருந்துதான் இழுத்துக்கொள்கிறது. குளம் இல்லையென்றால் மணியின் தலையில் பள்ளம் விழும்.

வரிசையாக 23.6, 23.8, 23.7, 23.8. தராசைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வேகம் கூட்டியதும் அச்சு அதிகம் சூடாகி மணிகள் வெண்பனி படிந்த மாதிரி வந்தன. எடை மாறவில்லை, அதனால் அவற்றையும் எடுத்துக்கொண்டேன். ஒரு நிமிடத்துக்கு மூன்று என்ற தாளம் என் கைக்குச் சரி.

நான்காம் ஞாயிறு முழுக்கப் பிசிறு எடுத்தேன். துளையின் இரண்டு வாயிலும் பெரிய டிரில் பிட்டைக் கையால் திருப்பி விளிம்பை மழுக்க வேண்டும், இல்லையென்றால் நைலான் கயிறு அறுந்துவிடும். பழைய வலையில் மணி உதிர்ந்ததற்குக் காரணமே அதுதான். பிறகு சோப்பு போட்டுக் கை கழுவி, சட்டையைத் தனியே துவைத்து, குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள். ஈயம் உடம்பில் எவ்வளவு சேர்ந்தாலும் கெடுதல்தான், குழந்தைகளுக்கு இன்னும் மோசம். பிள்ளைகளை அன்று தோட்டப்பக்கமே விடவில்லை.

ஒரு விஷயம் என்னை உறுத்துகிறது. இங்கிலாந்தில் அன்னங்கள் செத்ததால் 1987-இல் 28 கிராம் வரையிலான தூண்டில் ஈயக் குண்டுகளுக்குத் தடை வந்தது. என் மணி 24 கிராம். திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்கள் இருக்கும் மாவட்டம் இது. எங்கள் கண்மாய்க்கும் நாரை வருகிறது. அதனால் ஐந்து மணிகளுக்கு ஒரு முடிச்சு என்று கோத்தேன், கயிறு ஓரிடத்தில் அறுந்தாலும் ஐந்துக்கு மேல் போகாது. வீசி முடித்த பின் எண்ணுவதும் உண்டு.

போன வாரம் கண்மாயில் இடுப்பளவு தண்ணீர். சித்தப்பா தலைக்கயிற்றை என் மணிக்கட்டில் மாட்டிவிட்டுக் கரையில் உட்கார்ந்தார். முதல் வீச்சு என் கைப்பழக்கக் குறையால் கோணலாகப் போனது. மூன்றாவதில் வலை வட்டமாக விரிந்து, 168 மணியும் ஒரே நேரத்தில் தண்ணீரைத் தொட்டன. பெருமழையின் முதல் துளிகள் மாதிரி ஒரே சத்தம். நான்கு ஜிலேபி மீன், ஒரு கெண்டை. கரையேறி எண்ணினேன், 167. சித்தப்பாவும் நானும் காலால் துழாவி அந்த ஒன்றை எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. முடிச்சு அவிழ்ந்திருந்தது. இந்த ஞாயிறு எல்லாவற்றையும் இரட்டை முடிச்சாக மாற்றப் போகிறேன்.