545-லிருந்து 498-க்கு: செந்தூல் வீட்டின் விலையைக் குறைத்த அனுபவம்

கோலாலம்பூர் செந்தூலில் இருந்த எங்கள் கொண்டோவை (அடுக்குமாடி வீட்டை) விற்கப் போட்டபோது 5 லட்சத்து 45 ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) கேட்டோம். பல மாதங்கள் கழித்து 4 லட்சத்து 98 ஆயிரத்துக்கு இறக்கினோம். நடுவில் வீட்டில் நடந்த பேச்சையும் போட்ட கணக்கையும் எழுதி வைக்கிறேன். குறைக்கலாமா, இன்னும் பொறுக்கலாமா என்று தூக்கமில்லாமல் புரள்கிறவர்கள் நம்மவர்களில் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்களில் யாருக்காவது இது உதவினால் போதும்.

வீடு ஏறக்குறைய 1,000 சதுர அடி. மூன்று அறை, ஃப்ரீஹோல்ட் (நிரந்தர உரிமை), ஒரே ஒரு கார் பார்க். 2013-ல் 3 லட்சத்து 90 ஆயிரத்துக்கு வாங்கியது. அத்தைக்கு முழங்கால் தேய்ந்துபோய், லிஃப்ட் பழுதாகும் நாளெல்லாம் வீட்டுக்குள்ளேயே முடங்க வேண்டியிருந்தது. அதனால் ரவாங் பக்கம் ஒரு தரை வீட்டை வாங்கிக் குடிபோனோம். செந்தூல் வீடு சீக்கிரம் போய்விடும், அந்தப் பணத்தில் புதுக் கடனைக் குறைத்துக்கொள்ளலாம் என்பது திட்டம்.

545 என்ற விலைக்கு அப்போது ஒரு காரணம் இருந்தது. எங்கள் பிளாக்கிலேயே இணையத்தில் விற்பனைக்குப் போட்டிருந்த வீடுகள் 530-க்கும் 560-க்கும் இடையில் இருந்தன. என் கணவருடைய அண்ணனும், "எம்ஆர்டி வந்தாச்சு, இனிமே ஏறத்தான் செய்யும், அவசரப்படாதீங்க" என்றார். எம்ஆர்டி ரயிலின் புத்ராஜெயா தடம் 2023 மார்ச்சில் முழுதாகத் திறந்தபோது செந்தூல் பாராட் என்ற ஸ்டேஷன் வந்தது உண்மைதான். ஏற்கெனவே எல்ஆர்டியும் கேடிஎம்மும் இருக்கும் ஊர். ஆனால் அதே ரயிலைக் காட்டி, சுற்றிலும் எழும்பிக்கொண்டிருந்த புது டவர்களையும் விற்றார்கள். அந்த வசதி எங்கள் வீட்டுக்கு மட்டும் சொந்தமில்லை.

முதல் சில வாரங்கள் பார்க்க ஆட்கள் வந்தார்கள். அப்புறம் குறைந்தது. அப்புறம் அழைப்பே இல்லை. விலையில் கை வைப்பதற்கு முன் மற்றதையெல்லாம் சரிசெய்வோம் என்று இறங்கினேன். குளியலறைக் கூரையில் ஒரு பழுப்புக் கறை இருந்தது. மேல் வீட்டிலிருந்து கசிவு. இப்படிக் கசிந்தால், வேறு காரணம் நிரூபிக்கப்படாத வரை மேல் வீட்டிலிருந்துதான் வருகிறது என்றே ஸ்ட்ராட்டா சட்டம் (அடுக்குமாடிகளுக்கான சட்டம்) எடுத்துக்கொள்ளும். நாம் எழுதிக் கொடுத்தால் நிர்வாகம் 7 நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும். அதைச் சொல்லிக் கடிதம் கொடுத்த பிறகுதான் வேலை நடந்தது. கூரைக்குச் சாயம் அடித்தோம், படங்களைப் பகல் வெளிச்சத்தில் புதிதாக எடுத்தோம். இதில் கசிவைச் சரிசெய்தது மட்டும் வீண்போகவில்லை. வீடு பார்க்க வருகிறவர்கள் தலையைத் தூக்கிக் கூரையைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

சாயம் காய்ந்த பிறகு ஒரு இளம் தம்பதி வந்தார்கள். அந்தப் பெண் ஒவ்வொரு குழாயாகத் திறந்து தண்ணீர் எவ்வளவு வேகமாக வருகிறது என்று பார்த்தார். சாமி அறையாக நாங்கள் வைத்திருந்த மூலையைப் பார்த்து, "இங்கேயே வச்சுக்கலாம்ல" என்று கணவரிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. அவர் பால்கனியில் நின்றபடி கைத்தொலைபேசியில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். கிளம்பும்போது, "வீடு ரொம்பப் பிடிச்சிருக்கு, ஆனா கையில அவ்வளவு காசு இல்லக்கா" என்றார். விலை அதிகம் என்று அவர் சொல்லவில்லை. பக்கத்தில் கட்டும் புதுக் கொண்டோ எங்கள் வீட்டைவிட விலை கூடுதல். அதைத்தான் எடுக்கப் போவதாகச் சொன்னார்.

விலை கூடிய வீட்டை வாங்க முடிகிறவருக்கு எங்கள் வீட்டை வாங்க முடியவில்லை. இது என்னைப் போட்டுக் குடைந்தது. அன்றிரவே கணக்கில் உட்கார்ந்தேன்.

முதலில், மற்றவர்கள் கேட்கும் விலைகளைப் பார்ப்பதை நிறுத்தினேன். அரசின் சொத்து மதிப்பீட்டுத் துறையான ஜேபிபிஎச் கீழுள்ள நாப்பிக் தளத்தில் உண்மையாக நடந்த விற்பனைகளின் பதிவு கிடைக்கும். எந்தத் திட்டம், எத்தனை சதுர அடி, எந்த மாதம், என்ன விலை என்று போட்டிருப்பார்கள். எங்கள் கொண்டோவில் அதே அளவு வீடுகள் 485-க்கும் 505-க்கும் இடையில் கைமாறியிருந்தன. 530-க்கு மேல் ஒன்றுகூட இல்லை. நான் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்திருந்த 550-களும் 560-களும் எங்கள் வீட்டைப் போலவே விற்காமல் கிடப்பவை.

அடுத்து, தெரிந்த ஒரு வங்கி அதிகாரியிடம் சொல்லி வேல்யூவர்களிடம் (சொத்து மதிப்பீட்டாளர்களிடம்) வாய்வழியாக மதிப்புக் கேட்டேன். இதற்குக் காசு கிடையாது, தயங்காமல் கேட்கலாம். 5 லட்சம் வரை தாங்கும் என்று பதில் வந்தது. இந்த எண்தான் முக்கியம். முதல் வீடு வாங்குகிறவருக்கு வங்கி 90 விழுக்காடு வரை கடன் கொடுக்கும். ஆனால் அது விலை, மதிப்பு இரண்டில் எது குறைவோ அதில் 90 விழுக்காடு. மீதியெல்லாம் வாங்குபவரின் கைக்காசு.

இப்போது அந்தத் தம்பதியின் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன். 545-க்கு வாங்கினால் 450 ஆயிரம்தான் கடன் கிடைக்கும். வீட்டுக்கே 95 ஆயிரம் கையிலிருந்து போட வேண்டும். பெயர் மாற்றத்துக்கு முத்திரை வரி முதல் 1 லட்சத்துக்கு 1 விழுக்காடு, 5 லட்சம் வரை 2, அதற்கு மேல் 3. அது 10,350 வெள்ளி. கடன் பத்திரத்துக்கு அரை விழுக்காடு, 2,250. லாயர் கட்டணம் முதல் 5 லட்சத்துக்கு 1.25 விழுக்காடு என்ற அளவில் எஸ்.பி.ஏ. என்ற விற்பனை ஒப்பந்தத்துக்கும் கடன் பத்திரத்துக்கும் தனித்தனியாக வரும், சேர்த்து 12 ஆயிரத்துக்கு மேல். ஆக ஏறக்குறைய 1 லட்சத்து 20 ஆயிரம். கல்யாணமாகிக் கொஞ்ச நாளே ஆன ஒரு ஜோடியிடம் இவ்வளவு ரொக்கம் எங்கே இருக்கும்? ஊழியர் சேமநிதியில் முன்பு இரண்டாம் கணக்கு என்றிருந்த, 2024 மே முதல் அக்காவுன் செஜாத்ரா எனப்படும் கணக்கிலிருந்து எடுக்கலாம்தான். ஆனால் அந்தப் பணம் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான் வரும், முன்பணத்துக்கு உதவாது. புது டவரில் டெவலப்பர் முன்பணத்தைத் தள்ளுபடியில் கழித்து, லாயர் கட்டணத்தையும் ஏற்றுக்கொள்கிறார். அவர் ஏன் அங்கே போனார் என்பது புரிந்தது.

இதே கணக்கை 498-க்குப் போட்டேன். கடன் 4,48,200. கிட்டத்தட்ட அதே கடன்தான்! வீட்டுக்குக் கைக்காசு 49,800. முதல் வீடு வாங்கும் மலேசியக் குடிமக்களுக்கு, வீடு 5 லட்சத்துக்குள் இருந்தால், பெயர் மாற்றப் பத்திரத்துக்கும் கடன் பத்திரத்துக்கும் முத்திரை வரி முழு விலக்கு. 2021 ஜனவரியிலிருந்து இருக்கும் சலுகை இது, சப்சேல் (மறுவிற்பனை) வீட்டுக்கும் உண்டு. லாயர் கட்டணம் மட்டும் சேர்த்தால் மொத்தம் 62 ஆயிரத்துக்குள் முடிந்துவிடுகிறது. நாங்கள் இறக்குவது 47 ஆயிரம், வாங்குபவருக்குக் குறைவது 58 ஆயிரம். அவர் சேர்க்க வேண்டிய ரொக்கம் ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது.

ஏஜெண்ட் தம்பி வேறு வழி சொன்னார். "அக்கா, பத்தாயிரம் குறைச்சுப் பார்ப்போம். அசையலன்னா இன்னொரு பத்தாயிரம்." நல்ல பிள்ளை, ஆர்இஎன் அட்டையை (பதிவுபெற்ற முகவர் அட்டையை) கழுத்தில் மாட்டிக்கொண்டு எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் வருவார். ஆனாலும் இதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. 515-க்கு இறக்கினால் வாங்குபவருக்கு என்ன ஆகிறது என்று அவர் முன்னாலேயே போட்டுக் காட்டினேன். மதிப்பைத் தாண்டுவதால் கடன் அதே 450 ஆயிரம், 5 லட்சத்தைத் தாண்டுவதால் வரி விலக்கும் கிடையாது. அவருக்கு இன்னும் 88 ஆயிரத்துக்கு மேல் ரொக்கம் தேவை. 30 ஆயிரத்தை நாங்கள் விட்டுக்கொடுத்தும் புதிதாக யாரும் உள்ளே வர மாட்டார்கள். இணையத்தில் 5 லட்சம் வரை என்று தேடுகிறவர் கண்ணிலும் வீடு படாது. மாதாமாதம் இறங்கும் விலையைப் பார்ப்பவர்கள் இன்னும் இறங்கும் என்றுதான் காத்திருப்பார்கள். இறக்குவதென்றால் 5 லட்சத்துக்குக் கீழே, ஒரே தடவையில். இல்லையென்றால் 545-லேயே இருக்கட்டும். நடுவில் நிற்பதில் யாருக்கும் பயன் இல்லை.

இனி என் கணவரைச் சம்மதிக்க வைக்க வேண்டும். "47 ஆயிரத்தைச் சும்மா தூக்கிக் கொடுக்கணுமா?" என்றார். அந்த வலி எனக்கும் இருந்தது. கடன் கட்ட ஓவர்டைம் பார்த்த மனுஷர் அவர். அதனால் வாதம் செய்யவில்லை. 555 என்ற சின்னக் குறிப்பு நோட்டை எடுத்து, காலி வீடு மாதாமாதம் தின்பதை எழுதினேன். மெயின்டனன்ஸ் 350, சிங்க்கிங் ஃபண்ட் (பெரிய பழுதுகளுக்கான சேமிப்பு நிதி) 35. மீதிக் கடன் 2 லட்சத்துப் பத்தாயிரத்துக்கு வட்டி மட்டும் மாதம் 750-க்குப் பக்கம். தண்ணீர், மின்சாரம், டிபிகேஎல்லுக்கு (கோலாலம்பூர் மாநகர மன்றத்துக்கு) ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டும் வீட்டு வரி. எப்படிப் பார்த்தாலும் மாதம் 1,200 வெள்ளி திரும்பி வராத பணம். அசலை இதில் சேர்க்கவில்லை, அது நம் கடனைத்தான் குறைக்கிறது. வருடத்துக்கு 14 ஆயிரத்துக்கு மேல். 545-க்காக இன்னும் ஒரு வருடம் காத்திருந்து, கடைசியில் அதே 5 லட்சத்துக்கு விற்றால் அந்த 14 ஆயிரமும் போச்சு.

வாடகைக்கு விடலாமே என்றார் அண்ணன். அதையும் யோசித்தோம். வாடகைக்காரர் இருக்கும் வீட்டைக் காட்டுவதே சிரமம். சொந்தக் குடியிருப்புக்கு வாங்குகிறவர்கள் காலி வீட்டைத்தான் கேட்பார்கள். ஒரு வருட ஒப்பந்தம் போட்டுவிட்டால் நடுவில் காலி வீடாக விற்க வழியில்லை. வாடகையை வருமானமாக நம்பி வைத்திருக்க நினைப்பவர்களுக்கு இது சரியான வழியாக இருக்கலாம். எங்களுக்குத் தேவை புதுக் கடனைக் குறைக்கும் மொத்தப் பணம்.

ஆர்.பி.ஜி.டி. (வீடு விற்ற லாபத்துக்கான வரி) பற்றி எங்களுக்குக் கவலை இல்லை. 2022 முதல், வாங்கி ஐந்து வருடம் தாண்டிய வீட்டை விற்கும் குடிமக்களுக்கு அந்த வரி கிடையாது. ஃபாரத்தை மட்டும் நிரப்பிக் கொடுக்க வேண்டும். மூன்று வருடத்துக்குள் விற்பவர்களுக்கு லாபத்தில் 30 விழுக்காடு போகும் என்பதால் அவர்கள் கணக்கு முற்றிலும் வேறு. எங்கள் முடிவை அப்படியே பின்பற்றக் கூடாது.

கடைசியில் இவரை அசைத்தது அத்தை. "அந்த வீடு நமக்கு நல்லதுதான் செஞ்சுச்சு. வர்றவங்களுக்கும் கட்டுபடியாகணும்ல" என்றார், அவ்வளவுதான். இவர் நோட்டை வாங்கி, நான் எழுதியதை மறுபடி ஒருமுறை கூட்டிப் பார்த்துவிட்டு, "சரி, 498 போடு" என்றார். கூடவே கீழ் எல்லை ஒன்றையும் அன்றே பேசி முடித்தோம். 490-க்குக் கீழே வேண்டாம். கமிஷன் 3 விழுக்காடு, அதன் மேல் 8 விழுக்காடு எஸ்எஸ்டி (விற்பனை, சேவை வரி), நம் பக்க லாயர் செலவு எல்லாம் கழித்து, கடனை அடைத்த பிறகு கையில் நிற்கும் தொகையைப் பார்த்து வைத்த எல்லை அது. பேரம் நடக்கும் நேரத்தில் கணவன் மனைவி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது என்பதற்காகவே முன்கூட்டி முடிவு செய்தோம்.

விலை மாறிய வாரமே அழைப்புகள் வரத் தொடங்கின. முன்பு பார்த்தவர்களுக்கெல்லாம் ஏஜெண்ட் தம்பி செய்தி அனுப்பினார். அந்தத் தம்பதி ஏற்கெனவே புது டவரில் கையெழுத்துப் போட்டுவிட்டார்களாம். எடுத்தவர் ஒரு தாதி. தன் அப்பாவோடு வந்து பார்த்தார், அவருக்கு அது முதல் வீடு. 485-க்குக் கேட்டார், 492-க்கு முடிந்தது. வங்கி மதிப்பு 495 என்று வந்ததால் கடனில் சிக்கல் இல்லை. 3 விழுக்காடு முன்பணம், எஸ்.பி.ஏ. கையெழுத்தில் மீதி 7, மிச்சப் பணம் கட்ட அதிலிருந்து மூன்று மாதம், தேவைப்பட்டால் இன்னொரு மாதம் என்ற வழக்கமான ஏற்பாடுதான்.

லாயர் ஒரு விஷயத்தைச் சொல்லி வைத்தார். முத்திரை வரிக்கு ஒப்பந்த விலை, அரசாங்கத்தின் மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். 5 லட்சத்தை ஒட்டி விலை வைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அரசு மதிப்பு எல்லையைத் தாண்டினால் வாங்குபவரின் விலக்கு போய்விடும். நல்லவேளையாக எங்கள் வீட்டுக்கு அது தாண்டவில்லை, அந்தப் பெண்ணுக்கு விலக்கு கிடைத்தது. பணம் வந்ததும் செந்தூல் கடனை அடைத்து, மீதியில் பெரும்பகுதியை ரவாங் கடனில் போட்டோம். இவர் இப்போது ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமுக்குப் போவதில்லை.