மச்சில் ஒரு மரநாய்க் குடும்பம்: அடையாறு நாட்குறிப்பு

மார்ச் 4

இரவு பதினொரு மணிக்குமேல் பின்கட்டு மச்சில் தடதடவென்று ஓட்டம். எலிக்கு அத்தனை கனம் கிடையாது. காலையில் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டியின் ஓரம் பப்பாளி விதைகள் செரிக்காமல் அப்படியே தெரியும் எச்சம் கிடந்தது. மரநாய்தான்; பழம் தின்று இரவில் திரியும், பூனையளவு விலங்கு.

மார்ச் 6

"கூண்டு வைத்துப் பிடித்துவிடம்மா, பேரக்குழந்தைகள் வந்துபோகும் வீடு" என்கிறார் எதிர்வீட்டு மாமா. அவர் சொல்லி வந்த ஆள், பிடித்து வண்டலூர்ப் பக்கம் விட்டுவிடுவதாகச் சொன்னார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியின்றி அதைப் பிடிப்பது குற்றம். அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. பழக்கமில்லாத இடத்தில் எந்த மரத்தில் பழம் இருக்கிறது, எங்கே ஒண்டுவது என்று எதுவும் அதற்குத் தெரியாது. ஏற்கெனவே அங்கிருக்கும் மரநாய்கள் அதை விரட்டும். இங்கே காலியாகும் பொந்துக்கோ இன்னொன்று வந்துவிடும். இதற்குக் கருணை என்று பெயர் வைக்க என்னால் முடியாது.

மார்ச் 9

மச்சுக்குள்ளிருந்து மெல்லிய கீச்சுக்குரல். குட்டி போட்டிருக்கிறது! இப்போது ஓட்டையை அடைத்தால் குட்டிகள் உள்ளேயே பட்டினி கிடந்து செத்துப்போகும். தாய் கூரை ஓடுகளைப் பிய்த்துக்கொண்டு உள்ளே வரப் பார்க்கும். குட்டிகள் தாமாக வெளியே வரும்வரை பொறுப்பதென்று முடிவு செய்தோம்.

மார்ச் 22

மாமாவின் பயம் நியாயமானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. உட்கார்ந்து பேசினேன். மரநாய் தானாக வந்து யாரையும் கடிக்காது. மூலையில் மடக்கினாலோ குட்டியைத் தொட்டாலோதான் சீறிப் பாயும். பேரக்குழந்தைகளைப் பின்கட்டுப் பக்கம் விடுவதில்லை என்று பேசி முடித்தோம். குப்பைத் தொட்டிக்கு இறுக்கமான மூடி வாங்கியாயிற்று. தெருப்பூனைக்கு வைக்கும் சோற்றையும் இருட்டுவதற்குள் எடுத்துவிடுகிறோம்.

ஏப்ரல் 17

இன்று பார்த்தேன். மாங்கிளை வழியாகத் தாய் முன்னே இறங்க, இரண்டு குட்டிகள் பின்னால். தாயின் முகத்தில் கறுப்புப் பட்டை, உடலளவுக்கு நீண்ட வால். குட்டிகளில் ஒன்று கிளை நுனியில் தயங்கி நின்றது; தாய் திரும்பி வந்து அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது. மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். கிண்டிக் காடு தேசியப் பூங்காவானது 1978-இல், பரப்பு 2.7 சதுர கிலோமீட்டர்தான். அதைச் சுற்றியுள்ள பழைய வீடுகளும் மாமரங்களும்தான் இவற்றுக்கு மிச்சக் காடு.

மே 20

சத்தம் நின்று சில நாட்களாகின்றன. ஓட்டை வாயில் கோலமாவைப் பரப்பி, காகிதத்தைச் சுருட்டி லேசாகச் செருகினேன். முதல் இரவில் காகிதம் கீழே விழுந்து, மாவில் ஐந்து விரல் தடங்கள் பதிந்திருந்தன. மறுபடியும் செருகினேன்.

மே 24

மூன்று இரவுகளாக மாவு கலையவில்லை. டார்ச் அடித்து மச்சு முழுக்கப் பார்த்த பிறகு, கொத்தனார் இரும்புக் கம்பி வலை வைத்துச் சிமெண்டு பூசினார். கூரையைத் தொட்டுக்கொண்டிருந்த மாங்கிளையை மட்டும் கழித்தோம். மரம் அப்படியே நிற்கிறது; பழம் தின்ன அவை தாராளமாக வரட்டும்.

மே 27

அடுத்த தெருவில் ஒரு பழைய ஓட்டு வீட்டை இடிக்கப்போகிறார்கள். மேஸ்திரியிடம் பேசினேன்: முதலில் குட்டி இருக்கிறதா என்று மச்சைப் பாருங்கள், குட்டி இல்லையென்றால் ஓடுகளைப் பிரித்துவிட்டு இரண்டு இரவு விடுங்கள், வெளிச்சம் பட்டால் உள்ளே இருப்பது தானே போய்விடும். ஒரு இரவு தருவதாகச் சொல்லியிருக்கிறார். இரண்டாவது இரவுக்காக மாமாவையும் கூட்டிக்கொண்டு நாளை மீண்டும் போகிறேன்.