அறிய வாய்ப்பு

பைபாஸ் ஓரம் புதிதாக ஒரு மனை விளம்பரப் பதாகை. சிவப்பில், ஆளுயர எழுத்தில்: 'அறிய வாய்ப்பு!'

இலக்கணப்படி தப்பே இல்லை. தெரிந்துகொள்ள ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான். சதுர அடி விலையை மட்டும் போட்டிருந்தால் முழுக்கவே சரியாகியிருக்கும்.

அவர்கள் சொல்ல வந்தது 'அரிய'. அருமை என்ற பண்பிலிருந்து வருவது. 'அறிய' வேறு குடும்பம். அறிவு, அறிஞர், அறிவிப்பு எல்லாம் அதன் சொந்தங்கள்.

அருமைக்கு இன்று நாம் கொடுக்கும் பொருள் 'பிரமாதம்'. பழைய பொருள் 'கடினம்'. சங்கப் பாடல்களில் தலைவன் பொருள் தேடிக் கடக்கும் 'அருஞ்சுரம்' பிரமாதமான பாலைவனம் இல்லை. கடக்கக் கடினமான வெக்கை வழி. 'செயற்கரிய செய்வார் பெரியர்' என்று குறள் சொல்வதும் செய்வதற்குக் கடினமானதைத்தான். கடினமானது எளிதில் கிடைக்காது, கிடைக்காததற்கு மதிப்பு அதிகம். அப்படியே நகர்ந்து நகர்ந்து 'அருமையான பிரியாணி' வரை வந்துவிட்டோம்.

உயிரெழுத்துக்கு முன்னால் இதே அருமை 'ஆர்' என்று நீளும்: ஆருயிர், ஆரமுது. எனக்கு இந்த நீட்டல் ரொம்பப் பிடிக்கும்.

பதாகை எழுதியவரை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை. தமிழ்நாட்டில் பெரும்பாலோர் பேச்சில் ர, ற இரண்டும் ஒன்றாகிவிட்டன. மலையாளிகள் இன்னும் பிரித்தே ஒலிக்கிறார்கள். அவர்களுக்கு 'அரி' அரிசி, 'அறி' அறிவது. அங்கே இந்தப் பதாகை காதிலேயே இடறியிருக்கும்.